கதவுக்கு வெளியே நிற்கும் மருத்துவர்: ஆல்பர்ட் உட்ஃபாக்ஸின் 'சாலிட்டரி' நூலை முன்வைத்து

ஆல்பர்ட் உட்ஃபாக்ஸ் 2016 பிப்ரவரி 19 அன்று, தமது 69-ஆவது பிறந்த நாளில், அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் உள்ள சிறையொன்றிலிருந்து வெளியே வந்தார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ஏறத்தாழ ஆறடி அகலமும் ஒன்பதடி நீளமும் கொண்ட தனிக்கொட்டடியில், நாளொன்றுக்கு 23 மணி நேரம் அடைபட்டுக் கிடந்தவர் அவர். விடுதலைக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2019-இல், 'சாலிட்டரி' என்னும் தன்வரலாற்றை வெளியிட்டார். 2022 ஆகஸ்ட் மாதத்தில் காலமானார். சுதந்திர மனிதராக அவர் வாழ்ந்தது ஆறரை ஆண்டுகள் மட்டுமே.

அந்நூல் அமெரிக்காவின் தேசிய நூல் விருதுக்கும் புலிட்சர் பரிசுக்கும் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அதனைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் ஆசிரியரின் மன உறுதியையே போற்றினர். தனிமையால் உடைக்கப்படாதவர் என்ற பொருள்பட அமைந்த துணைத்தலைப்பும் அதற்கு வழிகோலியது. அப்போற்றுதலுக்கு அவர் முற்றிலும் தகுதியானவரே. ஆயினும் உடையாத மனத்தைப் போற்றும் விரைவில் அம்மனம் குடியிருந்த உடலை நாம் மறந்துவிடுகிறோம். அவ்வுடல் வியர்த்தது, உறக்கம் இழந்தது, முதுமையடைந்தது, நோயுற்றது. அந்நோயைப் பார்க்க யார் வந்தார்? வந்தவர் எங்கே நின்று பார்த்தார்? இவ்விரு வினாக்களோடு 'சாலிட்டரி'யைத் திரும்பப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வது நன்று. லூயிசியானாவின் மாநிலச் சிறை 'ஆங்கோலா' என்றே அழைக்கப்படுகிறது. 18,000 ஏக்கர் பரப்புள்ள அச்சிறை, முன்னர் அடிமைகளைக் கொண்டு பயிர் செய்த பண்ணையாக இருந்தது; பண்ணையின் பெயரே சிறைக்கும் நிலைத்துவிட்டது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த உட்ஃபாக்ஸ், இளமையில் திருட்டிலும் கொள்ளையிலும் ஈடுபட்டதை நூலில் ஒளிக்கவில்லை. ஆயுதக் கொள்ளைக்காக 50 ஆண்டுத் தண்டனை பெற்றுத் தப்பியோடி, நியூயார்க் சிறையில் கருஞ்சிறுத்தைக் கட்சியினரைச் சந்தித்து, மாறிய மனிதராக 1971-இல் ஆங்கோலாவுக்குத் திரும்பினார். ஹெர்மன் வாலஸ் என்னும் நண்பருடன் சேர்ந்து கைதிகளை ஒருங்கிணைத்தார். 1972 ஏப்ரல் 17 அன்று பிரென்ட் மில்லர் என்னும் இளம் காவலர் சிறைக்குள் குத்திக் கொல்லப்பட்டார். பழி இவ்விருவர் மீது விழுந்தது. அன்று தொடங்கிய தனிமைக் காவல் உட்ஃபாக்ஸுக்கு 2016 வரையும், வாலஸுக்கு அவரது வாழ்நாளின் இறுதி மாதங்கள் வரையும் நீண்டது. அவர்களோடு சேர்த்து எண்ணப்படும் ராபர்ட் கிங், 29 ஆண்டுத் தனிமைக்குப் பின் 2001-இல் விடுதலையானார். 'ஆங்கோலா மூவர்' என உலகம் அறிந்தது இவர்களைத்தான். உட்ஃபாக்ஸின் தண்டனையை நீதிமன்றங்கள் ஒருமுறைக்கு மேல் நீக்கின. கொல்லப்பட்ட காவலரின் மனைவியே பிற்காலத்தில் இவர்களின் குற்றம் குறித்து வெளிப்படையாக ஐயம் தெரிவித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

தொண்ணூறு நாளுக்கொரு முறை ஒரு குழு கூடி, இவர்களைத் தனிமையில் வைத்திருக்க வேண்டுமா என்று 'மறுபரிசீலனை' செய்யும். ஒவ்வொரு முறையும், முதலில் அடைக்கப்பட்ட காரணத்தின் தன்மையையே எழுதி, காவலை நீட்டிக்கும். காகிதத்தில் மறுபரிசீலனை உண்டு. உண்மையில் எவரும் எதையும் மீண்டும் நோக்குவதில்லை. இச்சடங்கை உட்ஃபாக்ஸ் எரிச்சலோ அலங்காரமோ இன்றிச் சொல்லிச் செல்கிறார். மருத்துவத்திலும் இதே சடங்கின் நிழலைக் காணப்போகிறோம் என்பதால் அதனை மனத்தில் இருத்திக்கொள்வது தகும்.

உடலைப் பற்றி உட்ஃபாக்ஸ் எழுதும் பக்கங்களே நூலின் வலுவான பகுதிகள் என்பது என் மதிப்பீடு. சுவர்கள் தம்மை நோக்கி நெருங்குவதாகத் தோன்றும் பேரச்சம் அவரை ஆண்டுக்கணக்கில் தாக்கியது. மூச்சு அடைக்கும், வியர்வை பெருகும், படுத்துறங்க இயலாமல் உட்கார்ந்தே உறங்க வேண்டியதாகும். அதற்கு அவர் கண்ட மருந்து, கொட்டடிக்குள் முன்னும் பின்னுமாக நடப்பது ஒன்றே. நூல்களும் உடற்பயிற்சியும் அடுத்த கொட்டடியிலிருந்தவருக்கு எழுத்தறிவித்ததும் அவரைத் தாங்கிப் பிடித்தன. இவையனைத்தும் தமக்குத் தாமே செய்துகொண்ட மருத்துவம். சிறையின் மருத்துவர்களும் பணியாளர்களும் நூலில் வந்து போகிறார்கள். எனினும் அவர்களுள் ஒருவரும் முழு மனிதராக வாசகர் மனத்தில் நிலைப்பதில்லை. காவலர்களுக்கு முகம் உண்டு. சக கைதிகளுக்கு முகம் உண்டு. வழக்கறிஞர்களுக்கும் ஆதரவாளர்களுக்கும் முகம் உண்டு. மருத்துவருக்கு மட்டும் இல்லை.

இதனை நூலின் குறையென்று சிலர் கருதலாம். நூலில் குறைகள் இல்லாமலில்லை. பின்பாதியில் வழக்குகளின் வரலாறு நாட்குறிப்புப் போல அடுக்கப்படுகிறது. ஒரு மனுவுக்கும் அடுத்த மனுவுக்கும் இடையே மனிதர் மறைந்துபோகும் இடங்கள் உண்டு. ஆனால் மருத்துவரின் முகமின்மையை அவ்வகைக் குறையாக நான் எண்ணவில்லை. அது ஒரு சாட்சியம். தனிக்கொட்டடியில் இருப்பவருக்கு மருத்துவர் என்பவர் கம்பிக்கு அப்பால் சில நொடிகள் தோன்றும் சட்டையும் குரலுமே. நெற்றியில் கை வைக்காத ஒருவரின் முகம் நினைவில் தங்குவது எங்ஙனம்?

தனிப்பிரிவில் மருத்துவம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பொதுவாசகர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. பொதுப்பிரிவுக் கைதி நோயுற்றால் மருத்துவப் பகுதிக்கு நடந்து செல்வார். தனிப்பிரிவுக் கைதி ஒரு படிவம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவரை வெளியே கொண்டுசெல்ல வேண்டுமானால் கைவிலங்கு, கால்விலங்கு, இடுப்புச் சங்கிலி, உடன்செல்லும் காவலர்கள் என அத்தனையும் வேண்டும். காவலர் போதவில்லையென்றால் மருத்துவரைக் காணும் நாள் தள்ளிப்போகும். இச்சிரமத்தைத் தவிர்க்கவே மருத்துவம் கொட்டடியின் வாயிலுக்கு வருகிறது. வாயிலுக்கு வருகிறதேயன்றி உள்ளே வருவதில்லை. கம்பிகளினூடே அல்லது உணவுத் தட்டு நுழையும் துளையினூடே நோயைச் சொல்ல வேண்டும். காவலர் அருகில் நிற்பார். அடுத்த கொட்டடியில் இருப்பவரும் கேட்பார். மூலநோயையும் மனச்சிதைவையும் தற்கொலை எண்ணத்தையும் அந்த நடைபாதையில் உரக்கச் சொல்ல யாருக்கு நா எழும்? சொன்னாலும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதோ நெஞ்சின் ஒலியைக் கேட்பதோ அங்கே நிகழ்வதில்லை. நடிக்கிறார் என்ற சந்தேகமும் எப்போதும் கூடவே நிற்கும்.

இவை ஒரு கைதியின் மனக்குறைகள் மட்டுமல்ல. ஆங்கோலாவின் மருத்துவம் குறித்துக் கைதிகள் 2015-இல் தொடுத்த வழக்கில், 2021 மார்ச் மாதம் மத்திய மாவட்ட நீதிபதி ஷெல்லி டிக், அங்குள்ள மருத்துவம் அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது திருத்தத்தை, அதாவது கொடிய தண்டனைக்கு எதிரான தடையை, மீறுகிறது என்று தீர்ப்பளித்தார். கைதிகளின் நோய் முறையீட்டை முதலில் கேட்டு முடிவு செய்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், அவசர ஊர்திப் பணியாளர்களே என்பது அவ்வழக்கில் வெளிப்பட்ட உண்மைகளுள் ஒன்று. 2023-இல் பரிகாரம் குறித்தும் அதே நீதிபதி கடுமையாக எழுதினார். உட்ஃபாக்ஸ் 2010-இல் மாற்றப்பட்ட டேவிட் வேட் சிறையின் தனிப்பிரிவு பற்றிய மற்றொரு வழக்கில், அங்கு அடைக்கப்பட்டோருக்கான மனநல மருத்துவம் அரசமைப்புக்கு முரணானது என 2022 நவம்பரில் நீதிபதி எலிசபெத் ஃபூட் முடிவு செய்தார். இரு வழக்குகளும் மேல்முறையீட்டுக்குச் சென்றன. சட்டத்தின் இறுதிச் சொல் எதுவாயினும், விசாரணையில் பதிவான வாழ்க்கை மாறிவிடப் போவதில்லை.

இப்பொது நிலை ஒரு தனிமனிதர் மீது இறங்குவதை நூலில் ஹெர்மன் வாலஸைப் பற்றிய பக்கங்கள் காட்டுகின்றன. 2009-இல் வாலஸ் ஹன்ட் சிறைக்கு மாற்றப்பட்டிருந்தார். 2013-இன் முற்பகுதியில் அவரது உடல் எடை வேகமாகக் குறைந்தது. ஜூன் மாதத்தில்தான் கல்லீரல் புற்றுநோய் என்று தெரியவந்தது. அப்போது நோய் முற்றியிருந்தது. அதன் பின்னரே காவல் நிலை தளர்த்தப்பட்டு, மற்ற நோயாளிகளுடன் இருக்க அனுமதி கிடைத்தது. நாற்பத்தோராண்டுக் காலம் 'ஆபத்தானவர்' என்று சொல்லப்பட்ட மனிதர், சாகப்போகிறார் என்று அறிந்ததும் ஆபத்தற்றவராகிவிட்டார். அக்டோபர் 1 அன்று மத்திய நீதிபதி பிரையன் ஜாக்சன், அவரைக் குற்றஞ்சாட்டிய பெருநடுவர் குழுவில் பெண்கள் சேர்க்கப்படவில்லை என்ற காரணத்தால் தண்டனையை நீக்கி, உடனடி விடுதலைக்கு ஆணையிட்டார். அதிகாரிகள் தயங்கியபோது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை வரும் என எச்சரித்தார். வாலஸ் அவசர ஊர்தியில் படுத்தபடியே வெளியே வந்தார். அக்டோபர் 3-இல் மாநில அரசு அவர் மீது மீண்டும் குற்றம் சுமத்தியது. அக்டோபர் 4-இல் அவர் உயிர் பிரிந்தது.

நண்பரின் மரணத்தை உட்ஃபாக்ஸ் தமது சிறையிலிருந்தே தாங்க வேண்டியிருந்தது. அப்பகுதியில் சொற்கள் குறைகின்றன, நடை இறுகுகிறது. கோபத்தைக் காட்டிலும் களைப்பே மிகுதியாகத் தென்படுகிறது. நூலின் இலக்கியத் தகுதியை ஒரே பகுதியைக் கொண்டு நிறுவ வேண்டுமென்றால் நான் இதனையே தேர்வேன். 'உடையாதவர்' என்ற புகழ்மொழிக்கு இப்பகுதியே மறுமொழியும் ஆகிறது. வாலஸின் மனமும் உடையவில்லை. அவரது கல்லீரல் உடைந்தது. அதை உரிய காலத்தில் தொட்டுப் பார்க்க ஒரு கை இல்லை.

இனி, சட்டம் இதனை எவ்வாறு நோக்குகிறது என்பதைக் காண வேண்டும். அமெரிக்கக் கைதி ஒருவர் தம் சிறையதிகாரிகள் மீது குடியுரிமைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்கலாம் என்ற நிலையை உறுதிப்படுத்தியது 1964-இன் 'கூப்பர் எதிர் பேட்' தீர்ப்பு. வழக்குத் தொடுத்த தாமஸ் கூப்பர், இல்லினாய் மாநிலத்தில் தனிப்பிரிவில் வைக்கப்பட்டிருந்த முஸ்லிம் கைதி. தமக்குத் திருக்குர்ஆன் பிரதி மறுக்கப்பட்டது என்பதே அவரது முறையீடு. தனிக்கொட்டடியில் வேதத்தைக் கேட்ட குரல்தான் பின்னர் அங்கே மருந்து கேட்டவர்களுக்கும் நீதிமன்றத்தின் கதவைத் திறந்துவிட்டது. நம் வாசகர்கள் இதனை அறிந்திருப்பது நலம்.

அக்கதவின் வழியே வந்ததுதான் 1976-இன் 'எஸ்டெல் எதிர் கேம்பிள்' தீர்ப்பு. டெக்சாஸ் சிறையில் பருத்திப் பொதி விழுந்து முதுகில் காயமுற்ற ஒரு கைதி, வலியால் வேலைக்குச் செல்ல மறுத்தபோது தனிப்பிரிவில் அடைக்கப்பட்டார். அங்கே நெஞ்சு வலிக்கிறது, மருத்துவரைக் காட்டுங்கள் என்று கேட்டதும் மறுக்கப்பட்டது என்பது அவரது முறையீடு. கைதி தம் மருத்துவத்திற்குச் சிறையதிகாரிகளையே சார்ந்திருக்கிறார், அவர்கள் செய்யாவிடில் வேறு எவரும் செய்ய இயலாது என்ற அடிப்படையில், நோயை வேண்டுமென்றே பொருட்படுத்தாமல் விடுவது கொடிய தண்டனையாகும் என்று உச்சநீதிமன்றம் வகுத்தது. கொள்கை மேன்மையானது. ஆனால் அக்கைதிக்கு வெற்றி கிட்டவில்லை. மூன்று மாதத்தில் 17 முறை மருத்துவப் பணியாளர்கள் அவரைப் பார்த்திருந்தனர். ஆகவே மருத்துவரிடம் அலட்சியம் இல்லையென முடிவாயிற்று.

பதினேழு என்ற எண்ணில்தான் சிக்கல் இருக்கிறது. சட்டம் அதிகாரியின் உள்ளத்தைத் தேடுகிறது: அறிந்தும் விட்டாரா? அதற்கு மறுப்பாகச் சிறை ஏட்டைக் காட்டுகிறது: இத்தனை முறை பார்த்தோம். தனிக்கொட்டடியின் வாயிலில் நின்று போவதும் ஏட்டில் 'பார்த்தோம்' என்றே பதிவாகும். தொண்ணூறு நாளுக்கொரு மறுபரிசீலனை போலவே இதுவும் பார்க்காமலே பார்த்ததாகும் சடங்காக முடியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிறை மருத்துவருக்கு இரு முதலாளிகள். 1955-இல் வகுக்கப்பட்ட ஐக்கிய நாடுகளின் சிறை விதிகள், தனிமைத் தண்டனையைத் தாங்க இக்கைதியின் உடல் தகும் என்று மருத்துவர் சான்றளித்த பிறகே அத்தண்டனையை விதிக்க வேண்டும் என்றன. கருணையால் எழுதப்பட்ட அவ்விதி, மருத்துவரைத் தண்டனையின் பங்காளியாக்கியது. 2015 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற, நெல்சன் மண்டேலாவின் பெயர் தாங்கிய திருத்த விதிகள் அச்சான்றளிப்பை நீக்கின. தண்டனை விதிப்பதில் மருத்துவருக்கு எப்பங்கும் கூடாது. ஆனால் தனிமையில் இருப்பவரை அவர் நாள்தோறும் காண வேண்டும். உடலுக்கோ மனத்துக்கோ கேடு கண்டால் தனிமையை முடிக்கவோ மாற்றவோ பரிந்துரைக்க வேண்டும் என்றன. நாளொன்றுக்கு 22 மணி நேரம் அல்லது அதற்கு மேற்பட்ட தனிமை தொடர்ந்து 15 நாளைத் தாண்டலாகாது என்றும் வரையறுத்தன. உட்ஃபாக்ஸின் நாற்பது ஆண்டுகளை இந்தப் பதினைந்து நாளோடு ஒப்பிட்டுப் பார்க்க வாசகரையே வேண்டுகிறேன்.

மருத்துவம் சிறப்பாக அமைந்துவிட்டால் தனிமைக் காவல் தீங்கற்றதாகிவிடுமா என்று கேட்கலாம். நியூயார்க் நகரச் சிறைகளின் மருத்துவத் துறையினரே 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. சிறைக்கு வந்தவர்களுள் தனிமையில் வைக்கப்பட்டோர் சுமார் 7 விழுக்காட்டினர். தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்ட நிகழ்ச்சிகளிலோ பாதிக்கும் மேற்பட்டவை அவர்களிடையே நிகழ்ந்தவை. காயத்துக்குக் கட்டுப் போட்டவர்களே அக்காயத்தின் காரணத்தையும் எண்ணிக் காட்டியிருக்கின்றனர். கொட்டடியே நோயைத் தரும்போது கொட்டடி வாயிலில் மாத்திரை கொடுத்துச் செல்பவர் நோயின் காரணத்தைக் காவல் செய்பவராகிறார்.

இவ்விடத்தில் நம் மரபை நாடுவது பெருமை பேசுவதற்கன்று. அளவுகோல் ஒன்றைப் பெறுவதற்கே. ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளிப்போரைத் திருக்குர்ஆன் 76-ஆம் அத்தியாயத்தில் புகழ்கிறது. அக்காலக் கைதிகள் இணைவைப்போராகவே இருந்தனர் என்று தாபியீன்களுள் கதாதா (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள் குறித்துள்ளனர். எனவே கைதியின் மார்க்கமோ குற்றமோ அவருக்குரிய பராமரிப்பைக் குறைக்காது. பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், அது தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய நபிமொழி அனைவரும் அறிந்தது. அதன் உட்பொருள் ஒரு சட்டக் கோட்பாடாகவே அமைந்துள்ளது: ஓர் உயிர் தனக்கு வேண்டியதைத் தானே தேடும் வழியை அடைத்தவர் மீது, அத்தேவை முழுவதும் கடமையாக இறங்குகிறது.

ஸுமாமா இப்னு உஸால் என்னும் கோத்திரத் தலைவர் சிறைப்பட்டபோது அண்ணலாரின் பள்ளிவாசல் தூணில் கட்டப்பட்டார். நபி (ஸல்) அவர்கள் மூன்று நாள் தொடர்ந்து அவரிடம் சென்று, அவரது நிலையை வினவினார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. வீட்டிலிருந்து உணவும் ஒட்டகப் பாலும் அனுப்பப்பட்டதை இப்னு இஸ்ஹாக் தரும் அறிவிப்பு கூறுகிறது. அவரும் பகைவர்தாம், கட்டப்பட்டவர்தாம். ஆனால் அவர் இருந்த இடம் மக்கள் வந்து போகும் இடம். கேட்டவர் அவர் எதிரே நின்று கேட்டார். நான்காம் நாள் அவர் கட்டில் இல்லை.

கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூயூசுஃப் (ரஹ்) எழுதிய 'கிதாபுல் கராஜ்' கைதிகளுக்கு உணவும், கோடைக்கும் குளிருக்கும் ஏற்ற உடையும் பைத்துல்மாலிலிருந்து வழங்கப்பட வேண்டும் என்கிறது. ரொட்டியாகக் கொடுத்தால் சிறைப் பணியாளர் எடுத்துக்கொள்வர்; ஆதலால் பெயர்ப் பட்டியலுடன் நம்பகமான ஒருவரை அனுப்பி, ஒவ்வொருவர் கையிலும் பணமாகவே சேர்ப்பிக்க வேண்டும் என்றும் அவர் அறிவுறுத்துகிறார். நின்று தொழ இயலாதவாறு எவரையும் விலங்கிடலாகாது என்ற உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களின் கட்டளையும் அந்நூலில் உள்ளது. கைதிக்கும் அவருக்குரிய உரிமைக்கும் இடையே சிறைக்காவலர் நிற்கலாகாது என்பதே இமாம் அவர்களின் கவலை. மருத்துவர் சிறையதிகாரிக்குக் கீழ்ப்பட்டவராக இருக்கலாமா என்று இன்று எழும் வினாவின் வேர் அதில் இருக்கிறது.

பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கலீஃபா முக்ததிரின் அமைச்சர் அலீ இப்னு ஈஸா, பக்தாதின் தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித்துக்கு எழுதிய கடிதத்தின் செய்தியை இப்னுல் கிஃப்தியும் இப்னு அபீ உஸைபிஆவும் பாதுகாத்துள்ளனர். சிறைகளில் கூட்டம் மிகுதி, இடமோ கடினமானது, ஆகவே நோய் தவிர்க்க இயலாதது. கைதிகளோ வெளியே சென்று தமக்குப் பயன்படுவதைத் தேடவும் மருத்துவரைக் காணவும் இயலாதவர்கள். எனவே நாள்தோறும் மருத்துவர்கள் மருந்துகளுடனும் பானங்களுடனும் எல்லாச் சிறைகளுக்குள்ளும் நுழைந்து சுற்றிவர வேண்டும் என்பது அதன் சாரம். பூனையின் நபிமொழியும் இந்த அமைச்சரின் கடிதமும் 1976-இன் அமெரிக்கத் தீர்ப்பும் ஒரே நியாயத்தில் வந்து நிற்பது வியப்புக்குரியது: தேடிச் செல்ல இயலாதவரைத் தேடிச் செல்ல வேண்டும். ஆனால் முடிவில் ஒரு வேறுபாடு இருக்கிறது. தீர்ப்பு அதிகாரியின் உள்ளத்தை அளக்கிறது; கடிதம் மருத்துவரின் கால்களை நகர்த்துகிறது. நுழைய வேண்டும் என்பதே அதன் வினைச்சொல்.

இதோடு கட்டுரையை முடித்தால் அது உண்மைக்குப் பாதி நியாயமே செய்ததாகும். அதே பக்தாதில், அதே மருத்துவக் குடும்பத்தின் காலத்தில் நிகழ்ந்த மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். அரபு எழுத்துக்கலையின் அளவுகளை வகுத்த இப்னு முக்லா, மூன்று கலீஃபாக்களுக்கு அமைச்சராக இருந்தவர். கலீஃபா ராளீயின் ஆட்சியில், சிறையில் அவரது வலக்கை வெட்டப்பட்டது. காயத்துக்கு மருத்துவம் பார்க்க அனுப்பப்பட்டவர், ஸினானின் மகன் ஸாபித். அவர் உள்ளே சென்றார், கட்டுப் போட்டார், இறைவேதத்தைப் பிரதி எடுத்த கை திருடனின் கையைப் போல வெட்டப்பட்டதே என்ற புலம்பலையும் கேட்டார். அதனால்தான் நாமும் அதனை அறிகிறோம். பின்னர் இப்னு முக்லாவின் நாவும் வெட்டப்பட்டது. பணிவிடைக்கு ஒருவருமின்றித் தனிமையில் அடைக்கப்பட்டார். வயிற்றுப்போக்கு கண்டபோது, இடக்கையாலும் வாயாலும் கயிற்றை இழுத்துக் கிணற்று நீர் இறைத்துக்கொண்டார் என்று இப்னு கல்லிகான் எழுதுகிறார். 940-இல் அவ்விடத்திலேயே இறந்தார்.

சிறைகளுக்கு மருத்துவரை அனுப்பிய நகரமே இதனையும் செய்தது. கடிதம் இருந்தது, மரபு இருந்தது, கிதாபுல் கராஜும் இருந்தது. எனினும் அரசின் சினத்துக்கு ஆளான ஒரு மனிதர் தனியறையில் அடைக்கப்பட்டு, மருத்துவரின் வருகை நின்றபோது, அவற்றுள் எதுவும் அவரைக் காக்கவில்லை. ஆகவே 'இஸ்லாம் அன்றே சொன்னது' என்று அமெரிக்கச் சிறையைச் சுட்டி எழுதி நிறைவடைவது நேர்மையாகாது. முஸ்லிம்கள் ஆளும் நாடுகளிலும் தனிக்கொட்டடிகள் உண்டு. அங்கே மருந்தின்றி மடிவோரும் உண்டு. அளவுகோல் நம் கையில் இருப்பது, முதலில் நம்மை அளந்துகொள்வதற்கே.

நம் வாசகரிடையே எழக்கூடிய ஓர் எண்ணத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். சிறையை யூசுஃப் (அலை) அவர்களின் பாடசாலை என்று சொல்லும் வழக்கு முஸ்லிம் உலகில் உண்டு. உட்ஃபாக்ஸ் கொட்டடியைப் பல்கலைக்கழகமாக்கினார் என்று படித்ததும் அவ்வழக்கு நினைவுக்கு வரும். ஆனால் யூசுஃப் (அலை) அவர்களுக்குச் சிறையில் தோழர்கள் இருந்தனர், அவர்களோடு பேசினார்கள், கனவுக்குப் பொருள் கூறினார்கள். ஹிராக் குகையின் தனிமை விரும்பி ஏற்றது. வீடு திரும்பும் வழியும் போர்த்தும் கைகளும் அதற்கு உண்டு. பிறர் பூட்டிய தனிமையை அவற்றோடு ஒப்பிடுவது அத்தனிமைக்கு நாம் அளிக்கும் நற்சான்றாகிவிடும். 1955-இன் மருத்துவர் அளித்த சான்று போன்றதே அது.

காவலரின் பாதுகாப்பு என்ற வாதம் பொய்யன்று. பிரென்ட் மில்லர் கொல்லப்பட்டார்; அவருக்கும் குடும்பம் இருந்தது. எத்தனை காவலர் உடன்வர வேண்டும் என்பதைப் பாதுகாப்பு தீர்மானிக்கலாம். நோயாளியைத் தொட்டுப் பார்க்க வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் தகுதி அதற்கில்லை.

'சாலிட்டரி'யை மூடி வைக்கும்போது மூன்று வினாக்கள் எஞ்சுகின்றன. மருத்துவர் உள்ளே நுழைந்தாரா? அவர் யாருக்குப் பொறுப்பாளி, நோயாளிக்கா, சிறைக்கா? இக்கதவைத் திறவுங்கள் என்று அவர் சொன்னால் கதவு திறக்குமா? உட்ஃபாக்ஸ் இவ்வினாக்களை நேரடியாக எழுப்பவில்லை. ஆனால் உட்கார்ந்தே உறங்கிய ஒரு மனிதரின் இரவுகளும், அவசர ஊர்தியில் விடுதலையான அவரது நண்பரின் மூன்று நாட்களும் இவற்றையே கேட்கின்றன. எந்த நாட்டுச் சிறையானாலும், எந்தக் கொடியின் கீழ் அது நடந்தாலும், விடை கூற வேண்டியவர்கள் சாவியை வைத்திருப்பவர்களே.